தட்டக் கூடாத கடிதம்

அந்த நகர அலுவலகத்தில் அவளுக்குப் பதவி தலைமை எழுத்தர். கூப்பிடும் பெயர் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த நகரத் தலைவர்கூட, "அக்கா, கையெழுத்து எங்க போடணும்?" என்றுதான் கேட்பார். சண்டை போட வருகிறவர்கள் படி ஏறும்போது "யாரு இங்க அதிகாரி?" என்று ஆரம்பித்து, இறங்கும்போது "வரேன்க்கா" என்று போவார்கள். உண்மையில் அவளை அக்கா என்று கூப்பிடப் பிறப்பிலேயே உரிமை பெற்றவன் ஒரே ஒருத்தன், அவளுடைய தம்பி. தலைநகரத்தில், மாநில அரசின் கணினிப் பாதுகாப்புத் துறையில் தணிக்கை அதிகாரி. அவன் ஒருத்தன்தான் அந்த அலுவலகத்துக்குள் வந்தால் அவளை "மேடம்" என்பான். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது!

அலுவலகம் என்றால் பிரமாதமாக ஒன்றும் இல்லை. இரண்டு அறை, ஒரு நீளத் தாழ்வாரம், சுவர் முழுக்க ஊரின் குழாய் வரைபடம். ஊருக்குத் தண்ணீர் விடுவதுதான் அங்கே தலையாய வேலை. மோட்டாரும் தெரு வால்வுகளும் அக்காவின் மேசைமேல் இருக்கும் கணினியிலிருந்தே இயங்கும். ஒவ்வொரு வீட்டு இணைப்பையும் மூடித் திறப்பது மட்டும் தெருவோரக் குழியில், கையால். அதற்கு ஒரு ஆள் இருக்கிறார். முப்பது வருடமாக வால்வுச் சக்கரத்தைத் திருகித் திருகி அவர் பெயரே சக்கரம் என்றாகிவிட்டது. இன்னொருத்தி தட்டச்சர். ஒரு பக்கம் அடிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வாள் என்பதால் அவளுக்கு மின்னல் என்று பெயர். வைத்தது அக்காதான்.

கணினியில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது வீடுகளின் பட்டியல் இருந்தது. அதன் கடைசிப் பத்திக்குத் தலைப்பு 'குறிப்பு'. பதினேழு வருடமாக அக்கா கண்ணும் கருத்துமாக நிரப்பியது. 'மேல்மாடி. தண்ணீர் ஏறாது. ஐந்து நிமிடம் கூட விடவும்.' 'இரவு வேலை நர்ஸ். பகல் இரண்டு மணி வரை தூங்குவார். குழாயில் சத்தம் வேண்டாம்.' 'கைக்குழந்தை. இரட்டை.' 'இவர் கத்துவார். நல்ல மனிதர்.' இப்படி. ஒரு வீட்டுக்குக் காலையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தால் சௌகரியம் என்று அந்த வீட்டு மனிதர்களைவிட அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் சுற்றறிக்கை வந்து இறங்கியது. நாற்பத்தொரு பக்கம். அறுபத்து மூன்று கட்டளை. மாநிலத்தில் உள்ள ஊராட்சி, நகராட்சி எல்லாம் இனிமேல் கணினிப் பாதுகாப்புக்கு மேலிடம் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். ஆளுக்கொரு கடவுச்சொல், பதினான்கு எழுத்து, மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். பொதுமக்கள் தொலைபேசிப் புகார் எல்லாம் தலைநகர எண்ணுக்குப் போக வேண்டும். மீறுகிற ஊரின் மோட்டாரும் வால்வும் தலைநகரக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றப்படும்.

தலைவர் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என்னை உட்கார வெச்சது இந்த ஊர் ஜனங்க. நம்ம ஊர்க் குழாயை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து ஒருத்தன் திறப்பானா? அப்போ நான் எதுக்கு இங்க? நாற்காலிக்குத் துணையா?"

"கோவப்படாதீங்க. வரப்போற ஆளு நம்ம ஆளுதான்" என்றாள் அக்கா. "என் தம்பியைத்தான் அனுப்புறாங்க."

"சொந்தக்காரங்களை அனுப்பலாமா?"

"அவனும் கேட்டானாம். முந்நூறு ஊருக்கு நாலு அதிகாரிதான் இருக்கோம், உனக்கு அங்க போனா சாப்பாடாவது கிடைக்கும்னு அனுப்பிட்டாங்களாம்."

அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அரசாங்க அட்டை, கையில் கோப்பு. தாழ்வாரத்தில் நாலு அடி வைத்திருப்பான், அப்படியே நின்றான். எதிர்ச் சுவரில், குழாய் வரைபடத்துக்குப் பக்கத்தில், முக்கால் அடி உயர எழுத்தில் அலுவலகத்தின் கடவுச்சொல் எழுதியிருந்தது. தண்ணீர்1234.

"மேடம்," என்றான், குரல் கம்மி. "இது என்ன?"

"பாஸ்வேர்ட். சக்கரத்துக்குக் கிட்டப்பார்வை. சின்னதா எழுதினா அவருக்குத் தெரியாது."

"அதை ஏன் சுவர்ல...?"

"பின்னே, மறந்துட்டா யாரைக் கேக்கிறது? முன்னெல்லாம் நீ லீவுல வந்தா உனக்கும் இதைத்தானே சொல்லுவேன், படம் பார்க்க."

மின்னல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தணிக்கை அதிகாரிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. பாவம், அன்றைக்குச் சாயங்காலம் வரை அவன் நிமிரவில்லை. சக்கரம் ஏணி வைத்து ஏறிச் சுவருக்கு வெள்ளையடித்தார். ஆளுக்கொரு கடவுச்சொல் யோசித்ததில் அலுவலகமே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. மின்னல் தன்னுடைய பதினான்கு எழுத்தை அடித்து முடிப்பதற்குள் திரை தானாக அணைந்துபோனது. கடைசியாகத் தம்பி எல்லோரையும் உட்கார வைத்து ஒரு பாடம் எடுத்தான். முன்பின் தெரியாத முகவரி, அவசரம், எழுத்துப்பிழை, மனசை உருக்குகிற கதை, கீழே ஒரு லிங்க். இந்த ஐந்தும் இருந்தால் அது திருட்டுக் கடிதம்.

"எது வேணா பண்ணுங்க, அந்த லிங்க்கை மட்டும் தட்டாதீங்க. தட்டினா முடிஞ்சது கதை. சோதிக்கிறதுக்கு நாங்களே போலி மெயில் அனுப்புவோம், சொல்லாம. முதல் தடவை தட்டினா எச்சரிக்கை. ரெண்டாவது தடவை ஒரே ஒருத்தர் தட்டினாக்கூட மோட்டார் தலைநகரத்துக்குப் போயிடும்."

"போனா என் குறிப்பு எல்லாம்?" என்று கேட்டாள் அக்கா.

அவன் கோப்பைப் புரட்டினான். "அங்க படிவத்துல இருபத்திரண்டு பத்தி இருக்கு. குறிப்புக்கு இடம் இல்ல, மேடம்."

அக்கா அன்றைக்குச் சாப்பாட்டில் அவனுக்கு இரண்டாம் முறை பரிமாற மறந்துபோனாள்.

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தக் கடிதம் வந்தது. நமக்குள் இருக்கட்டும், அது போலி. தலைநகரத்தில் தம்பி தன் கையால் எழுதி முந்நூறு ஊருக்கும் அனுப்பியது. ஆனால் அக்காவுக்கு அது எப்படித் தெரியும்?

'ஐயா, மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. என் மனைவி படுத்த படுக்கையாக இருக்கிறாள். வாய் நனைக்கக்கூட வழி இல்லை. வீட்டின் படம் கீழே, தட்டிப் பார்க்கவும். கிழக்குப் பூந்தோட்டச் சந்து, எண் 14.'

"ஐயையோ!" என்றாள் அக்கா. தட்டினாள்.

வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. படத்தைக் காணோம். மறுபடி தட்டினாள். "மின்னல், உன் கம்ப்யூட்டர்ல தெரியுதா பாரு!" மின்னல் தட்டினாள். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவள் எதையும் தட்டியதில்லை. சக்கரம் தன் செல்போனில் தட்டினார். தகவல் போய், கூட்டத்தில் இருந்த தலைவர் மேசைக்கடியில் கையை வைத்துத் தட்டினார். நாலு பேர், மொத்தம் பதினேழு தட்டு. போதாக்குறைக்கு அக்கா பதில் கடிதம் வேறு போட ஆரம்பித்தாள். 'கவலை வேண்டாம், ஆள் வருகிறார்.' 'கிழக்குச் சந்து என்று ஒன்று இல்லையே, மேற்கா?' 'அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?' சாயங்காலத்துக்குள் பதினொன்று.

சக்கரம் வண்டியின் பின்னால் இரண்டு கேன் தண்ணீரைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர்தான். பூந்தோட்டச் சந்தில் வடக்கு, தெற்கு, மேற்கு எல்லாம் சுற்றினார். பதினான்காம் எண் வீடு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் மணி அடித்தார். "படுக்கையில யாராவது இருக்காங்களா?" என்று கேட்கப் போய் இரண்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார். இருட்டும்போது தொங்கிப்போன முகத்தோடு திரும்பி வந்து, மறுநாள் காலையிலும் கிளம்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை தம்பி முடிவோடு வந்தான். நாலு பேரையும் நிற்க வைத்துப் படித்தான். முந்நூறு ஊரில் சராசரியாக நூற்றுக்குப் பதினாலு பேர் தட்டியிருக்கிறார்கள். இந்த ஊரில் நூற்றுக்கு நூறு.

"பாஸா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க. மாநிலத்திலேயே கடைசி. அந்தக் கடிதம் போலி. நாங்க அனுப்பினது."

யார் முகத்திலும் ஈயாடவில்லை. மின்னல் தரையைப் பார்த்தாள். சக்கரம்தான் மெல்லக் கேட்டார். "அப்போ சார், அந்தப் படுக்கையில இருக்கிற அம்மா?"

"அப்படி யாருமே இல்லீங்க."

"அப்பாடா!" என்று நெஞ்சில் கையை வைத்து நாற்காலியில் உட்கார்ந்தார் சக்கரம். "மூணு நாளாத் தூக்கமே இல்ல சார். நான் லேட்டாப் போய் ஏதாவது ஆயிடுச்சோன்னு. யாருமே இல்லையா? ரொம்ப நல்லதாப் போச்சு."

தம்பி இதை எதிர்பார்க்கவில்லை. கையில் இருந்த தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

அக்கா அவனைத் தாழ்வாரத்தின் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "யாருடா எழுதினது அதை?"

"மேடம், அது வந்து..."

"மேடமும் வேணாம், ஒண்ணும் வேணாம். யாரு எழுதினது?"

"நான்தான்க்கா."

"ஏண்டா, உனக்கு வேற கதையே கிடைக்கலையா? நோயாளியை வெச்சா விளையாடுவ?"

"திருடன் வேற எப்படி எழுதுவான்? கோவிச்சுக்காம கேளு. போன வருஷம் ஒரு ஊர்ல இதே மாதிரி ஒரு லெட்டர் வந்தது. ஒரே ஒருத்தர் தட்டினார். ஒன்பது நாள் மோட்டார் ஓடலை. ஆஸ்பத்திரிக்கு லாரில தண்ணி கொண்டுபோனாங்க. நான் அங்க நின்னு பார்த்தேன். அந்த மாதிரி இங்க நடந்தா உன் குறிப்பை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "நல்லவங்க எதுக்கு ஏமாறுவாங்கன்னு யோசிச்சு எழுதணும். யோசிச்சேன். உன் முகம்தான் வந்தது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். "போடா" என்றாள். "என்னை வெச்சே எனக்குக் குழி தோண்டியிருக்க. வீட்டுப் பக்கம் வந்துடாத."

அன்றைக்கு அவன் விடுதியில் தங்கினான். அடுத்த மூன்று வாரம் அக்கா அவனோடு பேசவில்லை. அவன் அனுப்பிய செய்திகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியாத இடத்துல இருந்து வர்றதைத் திறக்கக் கூடாதாமே" என்று புருஷனிடம் சொன்னாள். அவர், "அவன் உன் தம்பிதானே, எப்படித் தெரியாத இடமாகும்?" என்று கேட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரோஷக்காரி. அந்த மூன்று வாரத்தில் அவள் அலுவலகத்தைத் தலைகீழாகப் புரட்டிவிட்டாள். ஐந்து அடையாளங்களையும் அட்டையில் எழுதி ஒவ்வொரு மேசையிலும் ஒட்டினாள். கடவுச்சொல்லை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டு, கேட்ட தலைவரையே திட்டினாள். குறிப்புப் பத்தியை மட்டும் தினமும் ஒருமுறை திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொள்வாள். இரண்டாம் சோதனையில் ஒருத்தர் விரல் வழுக்கினாலும் இது போய்விடும். அப்புறம் இரவு வேலை நர்ஸின் தூக்கத்தையும் இரட்டைக் குழந்தைகளின் குளியலையும் தலைநகரத்தில் யார் நினைக்கப் போகிறார்கள்?

நான்காவது வாரம் தம்பி மறு ஆய்வுக்கு வந்தான். "வாங்க சார்" என்றாள் அக்கா, தரையைப் பார்த்து. அவன் கோப்பைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தான். கடவுச்சொற்களைச் சோதித்தான், பூட்டுகளைச் சோதித்தான், ஒரு குறை இல்லை. பதினொன்றரை இருக்கும். கணினி மணி ஒலித்தது.

அக்கா படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது. மின்னல் எழுந்து வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். சக்கரம் வந்தார். தம்பியும் வந்து நின்றான்.

'அம்மா, ஏழாம் குறுக்குத் தெரு 9ஆம் நம்பர் வீட்டுக்கு நாங்கள் குடிவந்து மூன்று நாள் ஆகிரது. ஒரு சொட்டு தண்ணி இல்லை. இவருக்கு இடுப்பில் ஆப்பரேசன் ஆகி எழுந்திருக்க முடியாது. தனியாக விட்டுவிட்டு நான் வர முடியவில்லை. போன் பன்னினால் தலைநகரத்துக்கு போகிரது, ஊர் பெயரை சொல்லவும் என்கிரது, சொன்னால் புரியவில்லை என்கிரது. குழாயின் படம் கீழே. தட்டி பார்க்கவும். தயவு செய்து அவசரம்.'

முன்பின் தெரியாத முகவரி. அவசரம். எழுத்துப்பிழை. மனசை உருக்குகிற கதை. லிங்க். அக்கா விரல் விட்டு எண்ணினாள், ஐந்தும் இருந்தது.

பட்டியலைத் திறந்து அந்த வீட்டைப் பார்த்தாள். அவளே எழுதிய குறிப்பு இருந்தது. 'நான்கு வருடமாகப் பூட்டு. இணைப்பு மூடப்பட்டது.'

"போலிதான்க்கா" என்றாள் மின்னல். "பூட்டின வீடு. இந்தத் தடவை நம்மகிட்ட நடக்குமா?"

அக்கா தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "நீ அனுப்பினதா?"

"என் பேர் அந்த லிஸ்ட்லயே இல்லக்கா. நீ என் அக்காங்கிறதால ரெண்டாவது சோதனையை வேற ஆள்கிட்ட குடுத்துட்டாங்க. என்னைக்கு வரும், எப்படி வரும்னு எனக்குத் தெரியாது. சத்தியமா."

"இப்ப விதிப்படி நான் என்ன பண்ணணும்?"

"தட்டக் கூடாது. பதில் போடக் கூடாது. தலைநகரத்துக்கு அனுப்பிட்டு அழிச்சிடணும். ரெண்டு வேலை நாள்ல உண்மையா போலியான்னு சொல்லுவாங்க." சொல்லிவிட்டு அவனே காலண்டரைப் பார்த்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இடையில் சனி, ஞாயிறு. செவ்வாய் ஆகிவிடும்.

அக்காவின் விரல் அந்த நீல வரிக்குப் பக்கத்தில் போய் நின்றது. தட்டினால் படம் தெரியும், உண்மையா பொய்யா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். பொய்யாக இருந்தால் பதினேழு வருடமும் போச்சு. தட்டாமல் அழித்தால் மோட்டார் பத்திரம். ஆனால் உண்மையாக இருந்தால்? செவ்வாய்க்கிழமை வரை ஒருத்தர் நாக்கு வறண்டு கிடக்க, நான் இங்கே பத்திரமான மோட்டாரை வைத்துக்கொண்டு என்ன செய்ய, என்று நினைத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பிக்கும்தான். அவன் அக்காவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, தட்டு என்று சொல்லவும் முடியவில்லை.

அக்கா விரலை எடுத்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"லிங்க்கைத் தட்டக் கூடாதுன்னுதானே சொன்ன?"

"ஆமாக்கா."

"கதவைத் தட்டக் கூடாதுன்னு அறுபத்து மூணு கட்டளைல எங்கயாவது இருக்கா?"

அவன் கோப்பைப் புரட்டத் தொடங்கினான்.

"சக்கரம், சாவியை எடுங்க. மின்னல், நீ இங்கயே இரு, நான் போன் பண்ணுவேன். சார் வர்றதுன்னா வரட்டும்."

ஏழாம் குறுக்குத் தெரு இரண்டு பக்கமும் கிடங்குகள் நிறைந்த தெரு. குடித்தனம் என்று இருந்தது அந்த ஒரு வீடுதான். நான்கு வருடப் பூட்டைக் காணோம். வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன, ஜன்னலில் ஒரு புதுத் திரைச்சீலை. அக்கா கதவருகில் போனாள். தட்டினாள். பதில் இல்லை. நன்றாகத் தட்டினாள்.

"யாரு?" உள்ளே ஒரு பெண் குரல்.

"நகர ஆபீஸ்ல இருந்து வரோம்மா. தண்ணி வரலைன்னு எழுதியிருந்தீங்களே."

அப்புறம் கதவுக்கு மிக அருகில் அந்தக் குரல் வந்தது. "எழுதி ஒரு மணி நேரம்கூட ஆகலை. அதுக்குள்ள ஆபீஸ்ல இருந்து ஆளு நேர்ல வந்து நிக்கிறாங்களா? எந்த ஊர்லங்க இது நடக்குது? திறக்க மாட்டேன்."

"அம்மா, நிஜமாத்தான்..."

"இப்படித்தான் சொல்லி ஏமாத்துறாங்களாம். உள்ள நோயாளி இருக்காரு. போயிடுங்க, இல்லேன்னா போலீசைக் கூப்பிடுவேன்."

தம்பி முன்னால் வந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, கழுத்தில் இருந்த அரசாங்க அட்டையைக் கழற்றிக் கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே தள்ளினான். "மேடம், நான் மாநில அரசுல தணிக்கை அதிகாரி. படம், முத்திரை எல்லாம் இருக்கு, பாருங்க."

அட்டை வந்த வேகத்தில் திரும்பி வெளியே வந்தது. "இந்த மாதிரி அட்டை எல்லாம் தெருமுனைக் கடைலயே அடிச்சுத் தராங்க சார்."

அக்காவால் தாங்க முடியவில்லை. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "நூத்துக்கு நூறுடா! ஏமாறாத ஆளை முந்நூறு ஊர்ல தேடினியே, இந்த அம்மாவுக்குக் குடு உன் மார்க்கை." தம்பி குனிந்து அட்டையைப் பொறுக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அக்கா கதவருகில் போய் நிதானமாகச் சொன்னாள். "நீங்க திறக்கவே வேணாம்மா. குழாயை மட்டும் திறந்து வைங்க. நாங்க வெளியவே நிக்கிறோம்."

சக்கரம் தெருவோரக் குழியின் இரும்பு மூடியைப் பெயர்த்துவிட்டு, நீளக் கைப்பிடிச் சாவியை உள்ளே இறக்கினார். நான்கு வருடத் துரு. முகம் சிவக்க முக்கினார். தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டு அவரோடு சேர்ந்து பிடித்தான். கிரீச்சென்று ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அப்புறம் தானாகச் சுழன்றது.

ஆனால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் முறை மறுநாள் காலையில்தான். அக்கா போனை எடுத்தாள். "மின்னல், ஏழாம் குறுக்கை இப்பவே திற. பத்து நிமிஷம்."

"இதோக்கா. பாஸ்வேர்ட் அடிக்கிறேன்... தப்புங்குதுக்கா."

"மெதுவா அடி."

"மறுபடியும் தப்புங்குது. இன்னொரு தடவை தப்பாப் போனா பூட்டிக்கும்க்கா! நீ வேணா உன்னோடதைச் சொல்லேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் காதில் விழுந்தது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. அவன் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா. "உன்னோடதே சரியா வரும். வாழ்க்கைல இன்னைக்கு ஒருநாள் நீ நிதானமா அடிக்கலாம், யாரும் திட்ட மாட்டோம். மூச்சை இழுத்து விட்டுட்டு ஒவ்வொண்ணா அடி. நான் காத்துக்கிட்டு இருக்கேன்."

பதினான்கு எழுத்து. மின்னல் ஒவ்வொன்றாகத் தட்டுவது போனில் கேட்டது. அக்கா மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு. பதின்மூன்று. அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி.

"திறந்துடுச்சுக்கா!"

மூவரும் கதவைப் பார்த்தபடி நின்றார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வீட்டுக்குள் குழாய் இருமியது. காற்று சீறியது. மறுபடி இருமியது. அதன் பின்னால் வாளியின் அடியில் தண்ணீர் படபடவென்று விழுகிற சத்தம். உள்ளே எங்கேயோ, கட்டிலில் இருந்துதான் இருக்கும், ஓர் ஆண் குரல் கத்தியது. "வந்துடுச்சு! ஏய், தண்ணி வந்துடுச்சு!"

சங்கிலி விலகியது. கதவு திறந்தது.

முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தலை கலைந்து, கண் வீங்கி, கை ரெண்டும் ஈரமாக நின்றாள். அக்காவைப் பார்த்ததும் அப்படியே அழுதுவிட்டாள். "அடிப் பைத்தியமே, தண்ணிதான் வந்துடுச்சே" என்று அக்கா அவளை அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் கிடந்தவருக்கு ஒரு குவளையில் பிடித்துக் கொடுத்தாள். கொதிக்க வைக்காமல் குடிக்கலாமா என்று அவர் கேட்டார். "எங்க ஊர்த் தண்ணியைக் குறை சொன்னா எழுந்திருக்க முடியாதவர்னுகூடப் பார்க்க மாட்டேன்" என்றாள் அக்கா. அவர் சிரித்தார், சிரித்ததும் இடுப்பு வலித்து "ஆ" என்றார்.

தம்பி வாசற்படியிலேயே நின்றிருந்தான். கையில் மறு ஆய்வுப் படிவம். 'சந்தேகக் கடிதத்தைத் தட்டினாரா? ஆம். இல்லை.' இல்லை என்பதைச் சுற்றி வட்டம் போட்டான். கீழே 'அதிகாரியின் பரிந்துரை' என்று இரண்டு வரி இடம் இருந்தது. அங்கே பேனாவை வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னடா எழுதப் போற?" வாளியை நகர்த்தியபடி கேட்டாள் அக்கா. குரலில் பயம் இருந்தது. மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"விதிப்படி பண்ணியிருந்தா இவங்க செவ்வாய்க்கிழமை வரைக்கும் இப்படியே இருந்திருப்பாங்க. அந்த விதியை எழுதினதுல நானும் ஒருத்தன்." பேனா மூடியைப் போட்டான், கழற்றினான். "பூட்டு எல்லாம் சரியா இருக்கு, அதை எழுதறேன். மோட்டார் இங்கயே இருக்கட்டும்னு எழுதறேன். தலைநகரத்துல இருந்து கதவைத் தட்ட முடியாது, அதனாலன்னு எழுதறேன். மேல இருக்கிறவங்க என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. கேக்கட்டும்."

"எனக்காகப் பொய் எழுதலையே?"

"இதுல எதுக்கா பொய்?"

அக்கா நிரம்பி வழிகிற வாளியைக் காட்டி, "தூக்கு, பின்கட்டுல வெக்கணும்" என்றாள். அவன் படிவத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினான்.

அந்தப் பெண் கழுத்தில் அட்டை தொங்க வாளியோடு வருகிறவனைப் பார்த்து ஒதுங்கி நின்றாள். இன்னும் கொஞ்சம் சந்தேகம் போகவில்லை போலிருக்கிறது. "இவரும் உங்க ஆபீசாங்க?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"இல்லம்மா, மேலிடம்" என்றாள் அக்கா. அவன் சட்டை முதுகு முழுக்கத் துருக்கறையும் சேறுமாக இருந்தது. அதைக் கையால் தட்டிவிட்டாள். "பயப்படாதீங்க. நம்ம ஆளுதான்."